கண்ணாடிப் பலகையில் எந்த எழுத்து?

(பதினொன்றாம் வகுப்பு மாணவி)



சென்ற கோடை விடுமுறையில் பெருந்துறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூருக்குப் போயிருந்தேன். போன அன்றே என் அமுச்சி தம் கைப்பேசியை என் முன்னே நீட்டினார். "ஏஞ்சாமி, உனக்குத் தமிழ்ல எழுத வராதா? பக்கத்து ஊட்டுப் பையன் காலேசுல இருந்து வர்ற வரைக்கும் ரண்டு நாளு இதைக் கையில வெச்சுட்டுக் கெடந்தேன்" என்றார். பார்த்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது, கவலைப்பட வேண்டாம் என்று நான் அனுப்பிய செய்திதான் அது. அத்தனையும் ஆங்கில எழுத்தில்! அமுச்சி ஐந்தாம் வகுப்பு படித்தவர். தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் வாசிப்பவர். ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றேன். "காச்சல்ல படுத்திருக்கற புள்ளைய எதுக்கு எழுப்பறதுன்னு இருந்தேன்" என்று சொன்னார். எனக்கு ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

குற்றம் கருவியுடையதா, என்னுடையதா? இதைத்தான் இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

நான் பிறந்த காலத்தையொட்டி, ஆப்பிளின் தொடுதிரைப் பலகைக் கணினி என்பது வெறும் வதந்தியாகவே இருந்தது. ஆப்பிள் நிறுவனம் ஏதோ ஒரு பலகையைச் செய்கிறதாம், அதன் பெயர் என்னவாம், விலை என்னவாம் என்று 2009ஆம் ஆண்டு முழுவதும் பேச்சு. விசையே இல்லாத கண்ணாடியில் எப்படி எழுதுவது என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. 2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் கையில் ஏந்திக் காட்டினார். எழுத வேண்டியபோது விசைப்பலகை திரையிலேயே தோன்றியது, வேண்டாதபோது மறைந்தது.

அதே ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அவினாசி சாலையில் ஊர்திகளைப் பார்க்க நின்ற கூட்டத்தில் அம்மாவும் இருந்தாராம், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. அம்மாநாட்டோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அடுத்த மாதமே டெல்லியில் அமைச்சர் கபில் சிபல், மாணவர்களுக்காக 35 டாலர், அதாவது ஏறத்தாழ 1,500 ரூபாய் விலையில் ஒரு பலகைக் கணினி வரப்போகிறது என்று மாதிரி ஒன்றைக் காட்டினார். அப்பா வேலை பார்த்த பம்ப்செட் பட்டறையில் நாள்தோறும் தேநீர் வேளையில் இதே வாக்குவாதம்தானாம். "ஆயிரத்தைந்நூறுக்கு மோட்டாருக்குக் காயில் கட்ட முடியாது, கம்ப்யூட்டர் குடுப்பாங்களா?" என்று ஒருவர், "குடுத்தாலும் குடுப்பாங்கப்பா" என்று மற்றொருவர். 2011 அக்டோபர் 5 அன்று 'ஆகாஷ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. 7 அங்குலத் திரை. அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். விரலால் அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய திரை, மெதுவான ஓட்டம் என்று குறைகள் கிளம்பின. எதிர்பார்த்த அளவில் அது நிலைக்கவில்லை.

விலையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் இவ்வளவு பேசினீர்களே, அதில் தமிழில் எழுத வருமா என்று யாராவது கேட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "இல்லையே" என்றார்.

என் அம்மா மணமாவதற்கு முன் கோபியில் தட்டச்சுப் பயிலகத்துக்குச் சென்று தமிழ் இளநிலைத் தேர்வில் தேறியவர். தமிழுக்கு எழுத்து 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை வைக்க எந்த இரும்பு இயந்திரத்திலும் இடம் இராது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் இச்சிக்கலைத் தீர்த்துத் தமிழ்த் தட்டச்சை உருவாக்கினார். அதில் சில விசைகளைத் தட்டினால் தாள் நகராது. முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும், பிறகுதான் எழுத்தைத் தட்ட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து மெய்யெழுத்தாகும். "எழுத்து பொறக்கறதுக்கு முந்தியே பொட்டு வெச்சுருவோம்" என்று அம்மா இன்றும் சிரிப்பார். இரும்பை அச்சு வார்த்தபின் மாற்ற முடியாது. ஆங்கில இயந்திரம் வாங்கிய அலுவலகம் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியதுதான்.

கண்ணாடிக்கு அந்தக் கட்டாயம் ஏது? அது சிலேட்டைப் போன்றது. இப்போது ஆங்கில விசை. ஒரு தொடுதலில் தமிழ் விசை. ஆகாஷ் வந்த நாளில் கூடக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது என்பது மெய்தான். இன்று அந்தக் குறை தீர்ந்துவிட்டது. ஐபோனில் 2013 முதலே தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது. மற்றக் கைப்பேசிகளுக்கும் செல்லினம் போன்ற செயலிகள் உண்டு. ஆகவே, "மெஷின்ல தமிழ் இல்லை" என்று நாம் சொல்லும் சாக்கு செத்துப்போயிற்று. இப்போது ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது நம் சோம்பலே என்பது என் துணிபு. அதில் முதல் குற்றவாளி நானேதான்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சானது. அங்கே தமிழ் எழுத்து வார்க்கப்படாததால் ரோமன் எழுத்திலேயே தமிழை அச்சிட்டார்கள், நாம் வாட்சப்பில் எழுதுவதைப் போலவே! ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டுத் தந்தார். முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்த அவருக்கு, அம்மக்கள் கண்ணால் கண்டு படிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். பின்னாளில் வீரமாமுனிவர் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்காதபடி எழுத்தையே திருத்தினார். அவர் போக்கிய அந்த மயக்கம் இன்று நம் கைப்பேசியில் மறுபடி குடியேறிவிட்டது. வாலா, வாளா, வாழா என்று வாசிப்பவர்தாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். இப்பழக்கம் விடைத்தாள் வரைக்கும் வந்துவிட்டது என்பதற்குத் தமிழம்மாவின் சிவப்பு மையே சாட்சி!

ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் முறை இருக்கிறதே என்று தோழியர் கேட்கிறார்கள். இருக்கிறது. அமுச்சிக்கு அதுவும் போதும். ஆயினும் தமிழ்ச் சொல்லை ஆங்கிலமாக்கி, அதை மீண்டும் தமிழாக்கி, திரை காட்டும் நாலைந்து சொற்களில் ஒன்றைப் பொறுக்குவது மூக்கைச் சுற்றித் தொடுவதே. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டு, அதே ஆண்டில் அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' முறையைப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துகள். உயிரெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். 'க'வை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'ங'வுக்குப் பின் 'க' வந்தாலும் அப்படியே. நம் ஊர் 'ஏனுங்க'வை எழுத ஏ, ன, உ, ங, க என ஐந்தே தட்டு! ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் சிறு திரையில் இத்தனை விசைகள் நெருக்கியடித்து நிற்கும். எனக்கு முதல் வாரம் பிழைமேல் பிழை. பலகைக் கணினியில் அத்தொல்லை இல்லை. வாயால் சொன்னால் எழுதித்தரும் வசதியும் உண்டுதான். ஆனால் வீட்டில் அத்தனை பேரும் கேட்க எதைத்தான் சொல்வது?

இப்போது அமுச்சிக்கு வாரம் ஒரு முறை தமிழிலேயே எழுதுகிறேன். முதல் செய்திக்கு, "ழ சரியாப் போட்டிருக்கறயே கண்ணு" என்று ஃபோனில் பாராட்டு வந்தது. தம் கைப்பேசியிலும் அந்த விசையை வைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்து, கணினி அறையில் வாரம் அரை மணி நேரம் தமிழ்99 பழக இசைவு தருமாறு தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். தமிழில்தான், தட்டச்சு செய்துதான். இசைவு கிடைத்தால் முதல் வகுப்புக்குத் தாமும் வருவதாக அம்மா சொல்கிறார். புள்ளியை முதலில் தட்டும் பழைய பழக்கத்தை அவர் மறந்தாக வேண்டுமாம்.