சாவியின் வயிற்றில் ஒரு ரகசியம்

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் தம் மோட்டார் வண்டிக்குக் கடைத்தெருவில் மாற்றுச் சாவி செய்துகொண்டு வந்தார். கதவு திறந்தது. எஞ்சினோ இரண்டு விநாடி உறுமிவிட்டு அடங்கிப் போயிற்று. சாவிக்காரர் மீது நண்பருக்கு அசாத்தியக் கோபம். உண்மையில் அவருடைய வேலையில் குற்றம் ஒன்றுமில்லை. சாவியின் பற்களை அரத்தால் ராவிவிடலாம். அதன் வயிற்றிலுள்ள ரகசியத்தை ராவ முடியுமா?

அந்த ரகசியத்தைத் தாங்கி நிற்பது, சாவியின் கைப்பிடிக்குள் புதைந்திருக்கும் 'டிரான்ஸ்பாண்டர்' என்னும் சிறு சில்லு. அதற்குப் பாட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் அமைந்திருக்கிறது. பெரும்பாலும் விநாடிக்கு 1,25,000 தடவை துடிக்கும் ரேடியோ அலையை அது எழுப்புகிறது. அந்த அலையிலிருந்தே மின்சக்தி பெற்றுச் சில்லு விழித்துக்கொண்டு விடை சொல்கிறது. விடை சரியானால், 'இம்மொபிலைசர்' என்னும் காவற்காரன் பெட்ரோலுக்கும் தீப்பொறிக்கும் வழி விடுகிறான். இல்லையேல் எஞ்சின் ஓடாது.

ஆதியில் வந்த சில்லுகள் எப்போதும் ஒரே எண்ணையே ஒப்பித்தன. மனப்பாடம் செய்த பையன் ஒப்பிப்பதைப் பக்கத்துப் பையன் ஒருமுறை கேட்டால் போதுமல்லவா? ஆகவே பிற்காலத்தில் வண்டி ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு ஒன்றைக் கொடுக்கலாயிற்று. சாவி தன் ரகசிய எண்ணைக் கொண்டு விடை காண்கிறது. அந்த எண் மட்டும் வெளியே வருவதில்லை.

ஆயினும் ரகசியம் குறுகியதாயிருந்தால் பயனில்லை. 40 பிட் நீளமே உள்ள ரகசியம் கொண்ட ஒரு சில்லை, 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் பிறரும் முறியடித்துக் காட்டினார்கள்.

அதற்காக இக்காவலே வீண் என்று எண்ண வேண்டாம். கனடாவில் 2007 முதல் புது வண்டிகளுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் அத்தகைய சட்டம் இல்லை. அங்கே 2015-ஆம் வருஷத்து ஹியூண்டாய், கியா மாடல்களில் 26 சதவிகிதத்தில்தான் இது இயல்பாக அமைந்திருந்தது. மற்றக் கம்பெனிகளின் மாடல்களிலோ 96 சதவிகிதம்! திருடும் வித்தை 2021, 2022-இல் சமூக வலைத்தளங்களில் பரவவே, சிறுவர்கள்கூட அவ்வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். விபத்துக்களில் உயிர்களும் போயின.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். புதுச் சாவிக்குச் சில்லு வைத்து, வண்டிக்கு அதை அறிமுகமும் செய்து வைக்க வேண்டும் என்று அறிந்துகொண்டார். இப்போது அவருக்குச் சாவிக்காரர் மீதிருந்த கோபம் தணிந்துவிட்டது. செலவை நினைத்துத்தான் பெருமூச்சு விடுகிறார்.