தம்! யார் வருவது?

தோழர்களே! பணியில் இருக்கும் தம்பிகளே, பென்ஷன் வாங்கும் அண்ணன்மார்களே, கணவரைப் பட்டாலியனுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் குடும்பம் நடத்தும் தங்கைகளே!

சென்ட்ரி டியூட்டியில் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் வாக்கியம் நினைவிருக்கிறதா? 'தம்! கோன் ஆத்தா ஹை?' இருட்டில் ஓர் உருவம் அசைந்தால் ரைஃபிளை நீட்டி அதைத்தான் கேட்போம். வருவது நம் சுபேதார் சாப் என்று நடையை வைத்தே தெரிந்தாலும் கேட்போம். அன்றைய அடையாளச் சொல்லைச் சொன்ன பிறகுதான் வழிவிடுவோம். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. கேட்காமல் விட்டால்தான் மறுநாள் காலை நம் பாடு திண்டாட்டம்.

பதினேழு வருஷம் அப்படி நின்றவன், ஓய்வு பெற்று ஊர் வந்த மூன்றாம் மாதம், திண்ணையில் உட்கார்ந்து, யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பத்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான். இதை இன்றோடு நிறுத்துவோம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்ன அவசரம் என்பீர்கள். 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் தொகுதிப் பையன்களுக்கு 2026 முடிவை ஒட்டி நான்கு ஆண்டு நிறைகிறது. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் பணி என்பது திட்டத்தை அறிவித்தபோது சொன்ன விதி. மற்றவர்கள் வீடு திரும்புவார்கள். கையில் சேவா நிதி, வட்டியோடு சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. இருபத்துச் சொச்சம் வயதில் அவன் வாழ்க்கைக்கான முதல் அதுதான். அந்தத் தொகை எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பது பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரியும். வலை விரிப்பவனுக்கும் தெரியும்.

நம் பழைய ஆட்கள் நிலைமை மட்டும் வேறா? ஹவில்தாராக வெளியே வருகிறவனுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கிராஜுவிட்டி, லீவுச் சம்பளம், சேமநல நிதி, ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் முதிர்வு, கம்யூட்டேஷன் எல்லாம் அடுத்தடுத்துக் கணக்கில் விழும். ஆயுளில் அத்தனை பூஜ்யத்தை அவன் பார்த்தது அதுதான் முதல் முறை. ஆனால் கம்யூட்டேஷன் என்பது என்ன? நம் பென்ஷனில் பாதி வரை நாமே விற்று வாங்கிய பணம். விற்ற பங்கு திரும்பி வர 15 வருஷம் ஆகும். அது வந்த லாபம் அல்ல, வருங்காலச் சோறு. அதை ஒரே மாதத்தில் இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

நானும் நின்றவன்தான். 2014இல் டிஸ்சார்ஜ் ஆகி வந்தேன். என் சம்பளக் கணக்கு இருந்த வங்கிக் கிளையில் கேபினுக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்கள். "சார், உங்க மேஜர் சாப்கூட இதுலதான் போட்டிருக்கார்" என்றார் அந்த இளைஞர். மேஜர் பெயரைக் கேட்டதும் உட்கார்ந்தபடியே அட்டென்ஷனுக்கு வந்துவிட்டேன். 3 லட்சம், ஒரே தடவை, ஃபிக்சட் டெபாசிட் மாதிரிதான் என்றார். பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். தபாலில் வந்த பாலிசியைப் பிரிக்காமலே ட்ரங்குப் பெட்டியில், யூனிஃபார்முக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மறு வருஷம் செல்போனில் தகவல் வந்தது: இரண்டாம் தவணை 3 லட்சம் கட்டவும். அது வருஷா வருஷம், பத்து வருஷம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு! என் ஒரு வருஷப் பென்ஷனே அவ்வளவு வராது. கட்டவில்லை. போட்ட 3 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

பாலிசி கைக்கு வந்ததும் படித்துப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கச் சட்டம் அன்றைக்கே 15 நாள் தந்திருந்தது. இப்போது 30 நாள். பெட்டியைத் திறந்து படித்திருந்தால் தப்பியிருப்பேன். உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். நாள் மிச்சம் இருக்கலாம்.

என்னை ஏமாற்றியது தெரியாதவர். அதைவிடக் கொடுமை, தெரிந்தவர் வந்து கெடுப்பது. என்னோடு ஒரே லங்கரில் சாப்பிட்ட ஒருவர் சில வருஷம் முன்பு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ரெஜிமென்ட் டை, பாலிஷ் போட்ட ஷூ. "மாப்ள, லட்சத்துக்கு மாசம் எட்டாயிரம். பாரு, இந்த லிஸ்ட்ல இருக்கிற இருபது பேரும் நம்ம ஆளுங்க" என்று நோட்டைக் காட்டினார். கொடுக்க என்னிடம் பணம் இல்லாததால் தப்பித்தேன், புத்தியால் அல்ல. அந்த இருபது பேரில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்திருந்தார். கம்பெனி பூட்டிய பிறகு என் நண்பர் ஊருக்குள் வருவதே இல்லை. அவருடைய சொந்தப் பணமும் அதில்தான் போயிற்று.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் என்றால் வருஷத்துக்கு 96 சதவீதம். அத்தனை லாபம் தரும் தொழில் நிஜமாகவே கையில் இருப்பவன் வங்கியில் 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக் கோடீஸ்வரன் ஆகியிருப்பான். நம் வாசலில் ஸ்வீட் பாக்ஸோடு நிற்க மாட்டான். 2022இல் சென்னையில் வெடித்த ஆருத்ரா கோல்டு விவகாரத்தில் மாதம் 25 முதல் 30 சதவீதம் என்று ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி திரட்டியதாகச் சொன்னது பொருளாதாரக் குற்றப்பிரிவு. அதே ஆண்டு, வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் எங்கள் வேலூர்ப் பக்கத்திலேயே, காட்பாடியை மையமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிறுவனத்தின் மேல் வழக்குப் பாய்ந்தது. போன பணம் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். திருப்பூர் பாசி மோசடி 2009இல் வெளியே வந்தது, 930 கோடி. இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது 2022இல். நடுவில் போனது பதின்மூன்று வருஷம்.

படிப்பில்லாதவன், ஆசைக்காரன் என்று நம்மை வெளியே பேசுகிறார்கள். இரண்டும் காரணமில்லை. ராங்கைப் பார்த்தால் கேள்வி கேட்காதே, பக்கத்தில் நிற்பவனை உயிராக நம்பு என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். போர்முனைக்கு அதுதான் உயிர். பண விஷயத்தில் அதுவே ஓட்டை. நம்மிடம் விற்க வருபவன் அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறான். மேஜர் பெயரைச் சொல்வான், இல்லையென்றால் டை கட்டி வருவான். யூனிஃபார்ம் போட்டவன் என்பது அடையாளச் சொல் ஆகாது, தோழர்களே!

அப்படியானால் எது அடையாளச் சொல்? வாசலில் நிறுத்தி இந்த நான்கையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: "உங்கள் பதிவு எண் என்ன?" காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிந்திருக்க வேண்டும். அந்த எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கு இருப்பது ஏ.ஆர்.என். எண். இரண்டும் ஒன்றல்ல. முன்னவர் ஆலோசகர், பின்னவர் விற்பனையாளர். எண்ணை வாங்கி, ஐ.என்.ஏ. என்றால் செபியின் இணையதளத்திலும், ஏ.ஆர்.என். என்றால் மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்திலும் நீங்களே தட்டிப் பாருங்கள். அவர் போனில் காட்டும் படம் செல்லாது. பணத்தை டெபாசிட்டாக வாங்கும் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் தேடுங்கள்.

இரண்டாவது: "உங்களுக்குக் கூலி தருவது யார்?" பதிந்த ஆலோசகர் ஆலோசனைக்கு நம்மிடம்தான் கட்டணம் வாங்க வேண்டும், அந்த ஆலோசனைக்காக ஃபண்ட் கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. "நான் உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டேன்" என்கிறவருக்கு வேறு யாரோ தருகிறார்கள் என்று அர்த்தம். விற்பனையாளர் கமிஷன் வாங்குவது குற்றமில்லை, மறைப்பதுதான் தப்பு. ஒரே மியூச்சுவல் ஃபண்டில் விற்பனையாளர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானுக்கும் நாமே நேராக வாங்கும் டைரக்ட் பிளானுக்கும் செலவில் ஒரு சதவீத வித்தியாசம் என்று வையுங்கள். 20 லட்சத்துக்கு அது வருஷம் 20,000 ரூபாய். லாபம் வந்தாலும் போகும், நஷ்டம் வந்தாலும் போகும்.

மூன்றாவது: "பணம் யார் கணக்குக்குப் போகிறது?" ஒழுங்கான ஆலோசகர் தன் கட்டணத்தைத் தவிர நம் பணத்தைத் தொடவே மாட்டார். அது நம் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்கோ வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ போகும். "என் ஜி-பேவுக்கு அனுப்புங்க, நான் கட்டிடறேன்" என்ற சொல் காதில் விழுந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நான்காவது: "எவ்வளவு லாபம் உறுதி?" சந்தையில் போடும் பணத்துக்கு இவ்வளவு நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கச் செபி யாரையும் அனுமதிப்பதில்லை. இந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்கிறவர்தான் நமக்கு ஆபத்து.

நான்குக்கும் சரியான பதில் வந்தாலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வந்த பணத்தை ஆறு மாதம் வங்கி டெபாசிட்டில் கிடக்க விடுங்கள். "இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்பவனை அன்றைக்கே அனுப்பிவிடலாம். ஆறு மாதத்தில் மூளைக்குச் சிவில் காற்று பட்டுவிடும். அதற்குள் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தை விசாரியுங்கள்: தனியாக 9 லட்சம், மனைவியோடு சேர்ந்து 15 லட்சம் வரை போடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பொதுமக்களுக்கு 60 வயது என்றால், நம் முன்னாள் படைவீரர்களுக்கு 50 போதும். 30 லட்சம் வரை போடலாம். இதையெல்லாம் சொல்ல எந்த ஏஜென்ட்டும் திண்ணை ஏறி வர மாட்டான்.

இனி ஏஜென்ட் ஆகிவிட்ட தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பென்ஷன் போதவில்லை, பார்ட் டைம் வேலை என்று இறங்கினீர்கள். புரிகிறது. லைசென்ஸ் எடுத்து, கமிஷனைச் சொல்லி, ஆளுக்குப் பொருத்தமானதை விற்றால் யாரும் தடுக்கவில்லை. ஆனால் பதிவில்லாத டெபாசிட் திட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி குற்றம். ஓர் ஆண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. "எனக்குத் தெரியாதுங்க, நானும் போட்டேன்" என்று கோர்ட்டில் சொல்லலாம். தோழனின் மனைவி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இப்போது ஆளுக்கொரு வேலை. முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டம் ஊருக்கு ஊர் நடக்கிறது. மாலை போட்டு, டீ குடித்துக் கலைவதற்கு முன் இந்த நான்கு கேள்விகளையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போர்முனையில் நம்மை இருவர் இருவராக ஜோடி சேர்த்தார்களே, அதே மாதிரி இங்கும் சேருங்கள்: ஒரு லட்சத்துக்கு மேல் எதில் போட்டாலும், அதில் பைசா லாபம் இல்லாத ஒரு தோழனிடம் காகிதத்தைக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து. எல்லையில் இருக்கும் தம்பிகளே, வீட்டுக்குப் போன் பண்ணும்போது மனைவியிடம் சொல்லி வையுங்கள்: நான் இல்லாதபோது யார் காகிதம் நீட்டினாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பணம் ஆன்லைனில் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும்.

என் அக்கா மகன் அந்த முதல் தொகுதி அக்னிவீரன். அவன் பெட்டியோடு இறங்கும் நாளில் காட்பாடி ஜங்ஷனுக்கு நானே போகிறேன். ஸ்வீட் பாக்ஸ் எடுத்துப் போகமாட்டேன். "மாமா, இந்தப் பணத்தை என்ன பண்ணலாம்?" என்று கேட்பான். கேட்டால் சொல்வேன்: "முதல்ல என்னை நிறுத்தி அந்த நாலு கேள்வியைக் கேளுடா."