துரை கொடுத்த மனு, நாம் கொடுத்த மனு

காட்டைக் காப்பாற்று, பூங்காவாக அறிவி என்று சர்க்காருக்கு மனு கொடுக்கிறவர்களைப் 'பொதுமக்கள்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பொதுமக்களில் நம்ம சனங்க உண்டா? தூத்துக்குடிக் கரையில் இருக்கிற நாம் இதைக் கேட்டாக வேண்டும். பொதிகையில் இறங்கும் தாமிரபரணி நம்ம புன்னைக்காயலில்தான் கடலைத் தொடுகிறது. அந்த மலையிலும் இந்தக் கடலிலும் வேலி போட்டது ஒரே சர்க்கார்தான்.

முதல் மனுவைப் பார்ப்போம். 1877இல் நீலகிரியில் வெள்ளை அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வேட்டைச் சங்கம் வைத்தார்கள். சுட்டுச் சுட்டு வரையாடும் கடமானும் அருகிப்போயின. இனிமேலும் சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டுமே! சர்க்காரை நச்சரித்தார்கள். 1879இல் சட்டம் வந்துவிட்டது. இரண்டே வருஷம். லைசென்ஸ் வைத்திருந்தவன் வேட்டைக்காரன். வயிற்றுக்குக் கண்ணி வைத்தவன் குற்றவாளி.

பிறகு வந்த எல்லா இயக்கத்தையும் இதே தராசில் நிறுக்கவில்லை. அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் கேரளத்து ஆசிரியர்களும் கவிஞர்களும் போராடி, 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது. நல்ல காரியம். ஆனால் நம்ம மலையில் நடந்தது என்ன?

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை அழித்தது கம்பெனியின் பணம். அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்து கிள்ளியது பெரும்பாலும் நெல்லை, தூத்துக்குடிச் சேரிகளின் கைகள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று லைன் வீடுகளிலேயே தலைமுறைகள் முடிந்தன. அதே மலையில் 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயம் ஆயின. 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. புலிக்கு எல்லை வரைந்தவர்கள் லைன் வீட்டுக்காரனுக்கு ஒரு சென்ட் பட்டா எழுதவில்லை.

1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளரை விடச் சொல்லியும் நெல்லை கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக மனு கொடுக்கப் போனார்கள். போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை.

துரை மனுவுக்குச் சட்டம். நம்ம மனுவுக்குப் பிணம். மனு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் நமக்குத் தெரியும். எந்த மனு செல்லும், எது செல்லாது என்பதை அந்த மனுதான் இன்னமும் தீர்மானிக்கிறான்.

2024இல், குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, கம்பெனி மூட்டை கட்டியது. தொழிலாளிக்கு 'விருப்ப ஓய்வு'. யாரு விருப்பம்? தோட்டத்தை அரசே ஏற்று நடத்தட்டும் என்று கேட்ட மனுக்களை அந்த டிசம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2006இன் வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவர் 75 ஆண்டு காட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொல்கிறது. கம்பெனிக்கோ 99 வருஷத்துக்கு ஒரே காகிதம் போதுமாயிருந்தது.

கடலிலும் இதே கணக்குதான். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆயின. தீவில் கால் வைத்தால் மீனவனுக்கு வழக்கு. 2001இல் கடலட்டை பிடிக்கவும் தடை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் மட்டும் தடையில்லாமல் கடலுக்குப் போனது. தாமிர ஆலையை மூடு என்று 2018 மே 22இல் இந்த ஊர் சனம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தது. அதுவும் மனுதான். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள்.

காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மலையில் மழை பிடிக்காவிட்டால் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே நமக்குக் குடிக்கத் தண்ணி கிடையாது. நாம் கேட்பது வேறு: காட்டில் உழைத்தவனுக்கு நிலமும் வீடும் முதலில் எழுது, கடலில் பிழைக்கிறவனைக் கலந்துகொண்டு எல்லை போடு, காவல் வேலையும் அவர்களுக்கே கொடு.

இயற்கை ஆர்வலர்களே, அடுத்த மனுவில் இதையும் சேர்த்து எழுதிக்கிட்டு வாங்க. நாங்களும் கையெழுத்துப் போடுறோம்.