முட்டை சும்மா இருப்பதில்லை

ஆணை வித்து என்றும் பெண்ணை விளைநிலம் என்றும் வகுத்துப் பேசிய பழைய உவமை நம் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை என்பதற்கு, 'மலடி' என்ற கொடுஞ்சொல் ஊர்தோறும் வழங்க, 'மலடன்' என்பது அபூர்வமாகவே காதில் விழுவது ஒன்றே போதிய சாட்சி. விந்தணு நீந்திற்று, துளைத்தது, வென்றது என்று அதன் பராக்கிரமத்தைப் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, முட்டை கருவுற்றது என்று ஒரே வரியில் முடித்துவிடும் பாடநூல்களும் அந்த உவமையின் சந்ததிகளே.

முட்டைக்குள் புகுந்த விந்தணுவின் உட்கரு, வந்த கோலத்தில் எதற்கும் உதவாது. 1874-ல் பாஸல் நகரத்து மீஷர், ரைன் நதிச் சால்மன் மீனின் விந்திலிருந்து பிரித்துப் 'புரோட்டமின்' என்று பெயரிட்ட பொருளும் அதன் இனத்தவையும், தூரப் பிரயாணத்துக்குக் கட்டிய மூட்டைபோல, டி.என்.ஏ. இழையைப் படிக்கவும் படியெடுக்கவும் இயலாதபடி இறுக்கிவைத்திருக்கின்றன.

1983-ல் டொரான்டோவில் லோக்கா, மசூயி என்ற இருவர், தவளை முட்டைகளை விசையாகச் சுழற்றி நசுக்கி எடுத்த சாற்றில் சவ்வு நீக்கிய விந்தணு உட்கருக்களை விட்டபோது, மெல்லிய புரிகளாகக் கிடந்த அவை பருத்து, தளர்ந்து, புதுச் சவ்வும் போர்த்துக்கொண்டன. எந்தப் புரதத்தின் வேலை இது? கேம்பிரிட்ஜில் லாஸ்கியும் சகாக்களும் 1991-ல், நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் புரதத்தை மட்டும் அச்சாற்றிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள், முடிச்சு அவிழவில்லை, திரும்பச் சேர்த்தார்கள், அவிழ்ந்தது. விந்தணுவின் கட்டுப்புரதங்களைக் கழற்றி, அவ்விடத்தில் தாயின் சேமிப்பிலிருந்து, டி.என்.ஏ. வழக்கமாகச் சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களை அமர்த்துவதே அதன் தொழில். (இத்தொழில் செய்யும் புரதத்துக்கு லாஸ்கி 1978-லேயே இட்ட 'சாப்பரோன்' என்ற பெயர், கன்னிப்பெண்ணுக்குத் துணைபோகும் மூதாட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்; நம் அகப்பாட்டுச் செவிலி அவருக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.)

பாலூட்டிகளிலோ புரோட்டமின்கள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால், முட்டையிலுள்ள குளுட்டத்தையோன் முதலில் அந்தப் பூட்டைத் திறக்கவேண்டும். பழ ஈயின் முட்டையில், ஹிஸ்டோன்களை அமர்த்தும் ஹீரா என்ற புரதம் பழுதுபட்டால், தந்தையின் குரோமோசோம்கள் கருவில் சேராமல் ஒதுங்கிவிடுகின்றன. தாயின் பாதியை மட்டும் கொண்டு வளரத் தொடங்கிய கரு பொரிக்குமுன் மடிகிறது.

தந்தையின் பங்கு குறைந்தது என்பதல்ல என் வாதம். அப்பங்கு செல்லுபடியாவதே தாயின் கைவேலையால்தான் என்பதைப் பாடநூல் எழுதுவோர் அடுத்த பதிப்பிலாவது ஒரு வாக்கியத்தில் சேர்க்கவேண்டும். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை, 1992-ல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் வெற்றியை வெளியிட்டது முதல் பரவியிருக்கிறது. அங்கும் மருத்துவரின் கை புகுத்துவதோடு நின்றுவிட, மூட்டையை அவிழ்ப்பது முட்டைதான்.