தெலுங்குத் தாய்க்கு மாலை கட்டிய தமிழ் வீட்டுப் பிள்ளை



சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு சின்ன விஷயத்துக்காக ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்தது. ஆண்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும், இந்த மாநிலத்துப் பாடலான ‘மா தெலுகு தல்லிகி’யையும் பாட வேண்டுமா வேண்டாமா என்பதுதான் விவகாரம். “இது தமிழ்ச் சங்கம். வேண்டுமானால் அவர்கள் தனியாக ஒரு சங்கம் வைத்துப் பாடிக்கொள்ளட்டும்” என்று ஒரு அன்பர் மேஜையைத் தட்டினார். “பிழைக்க வந்த இடத்தில் மரியாதைக்காவது பாட வேண்டாமா?” என்றார் இன்னொருவர். இரண்டு பேச்சுமே எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி என்று காலம் தள்ளியவன் நான். கூட்டத்தில் பேசுவதைவிட வீட்டில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதுவது சுலபம் என்று தோன்றியது.

நான் பிறந்தது 1958-ல், சித்தூர் மாவட்டம் விஜயபுரம் பக்கத்தில். நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் உள்ள பூமி அது. ரயிலில் போகிறவர்களுக்கு, வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்று போர்டில் இடம் போதாத அளவுக்கு நீளமான பெயர் கொண்ட ஸ்டேஷன் இருக்கும் பக்கம் என்றால் தெரியும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அது தமிழா தெலுங்கா என்று யாரும் யோசித்ததில்லை. நைனாவுக்குத் தறி வேலை.

நான் ஏழாவது படிக்கும்போது நவம்பர் 1-ஆம் தேதி ஆந்திரப் பிரதேசம் உருவான நாள் விழாவுக்கு, இந்தப் பாட்டைப் பாட என்னைத் தேர்ந்தெடுத்தார் எங்கள் வாத்தியார். குரல் நன்றாக இருக்கும் என்பதற்காக அல்ல, உச்சரிப்பு சுத்தமாக இருந்தது என்பதற்காக. தெலுங்கு வீட்டுப் பையன்களை விட்டுவிட்டு என்னை நிறுத்தினார் என்பதில் எனக்கு ஒரே பெருமை. அன்று சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரி முடிவதற்குள் உள்ளே தறிச் சத்தம் நின்றுவிட்டது. நைனா எழுந்து வரவில்லை. உள்ளிருந்தே, “அதை வாசப்படிக்கு வெளியில வச்சுக்கோ” என்றார். மறுபடி தறி ஓடிற்று.

விழாவுக்கு அவர் வரவில்லை. நான் பாடினேன், கைதட்டினார்கள், ஒரு பென்சில் டப்பா கொடுத்தார்கள். அதைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அவருடைய கோபம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. அவர்கள் வட எல்லைக்காகக் கிளர்ச்சி செய்த காலம். பழந்தமிழ் நூல்கள் வேங்கடத்தை அல்லவா எல்லையாகச் சொல்கின்றன! நைனாவும் திருத்தணிக்கு நடந்தே போய்க் கூட்டம் கேட்டிருக்கிறார். கடைசியில் படாஸ்கர் சொன்னபடி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாங்கள் சேரவில்லை. அப்போது எனக்கு இரண்டு வயது. “கோடு நம்ம வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டுது” என்று நைனா சொல்வதுண்டு. அப்படிப்பட்டவர் காதில், பெற்ற பிள்ளையே தெலுங்குத் தாயை ‘எங்கள் தாய்’ என்று பாடினால் எப்படி இருக்கும்? மேஜையைத் தட்டிய அன்பர் மேல் எனக்கு வருத்தம் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவர் குரலில் எனக்கு நைனா குரல் கேட்டது.

நைனா 1991-ல் காலமானார். அதற்குச் சில வருஷம் கழித்து, ரேணிகுண்டா யார்டில் வேலை பார்த்த சமயம், ஒரு தெலுங்கு ஞாயிறு மலரில் இந்தப் பாட்டை எழுதியவரைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. டீ ஆறிப்போக, நின்றபடியே படித்தேன்.

எழுதியவர் சங்கரம்பாடி சுந்தராச்சாரி. 1914 ஆகஸ்ட் 10-ல் திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்தவர். அவருடைய தாய்மொழி தமிழ்.

ஆமாம், தமிழ். சின்ன வயதில் சந்தியாவந்தன விஷயமாக அப்பா கண்டித்ததற்கு, பூணூலை அறுத்துப் போட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவர். ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்திருக்கிறார். ரேணிகுண்டா ஸ்டேஷனில் மூட்டை தூக்கியிருக்கிறார். நான் எந்த பிளாட்பாரத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தேனோ, அந்த ஸ்டேஷனில்! பிறகு சென்னையில் ஆந்திர பத்திரிகையில் புரூஃப் பார்த்தார். வேலை கேட்டுப் போனவரிடம், பத்திரிகையின் அதிபர் காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு தெலுங்கு தெரியுமா என்று கேட்க, இவர் அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். பிற்பாடு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தார். ராமாயணத்தையும் பாரதத்தையும் தெலுங்கில் பாடினார், தாகூரின் கீதாஞ்சலியைத் தெலுங்காக்கினார்.

இத்தனை எழுதியும் அவர் பெயர் நிற்பது ஒரு சினிமாப் பாட்டில்தான். 1942-ல் வந்த ‘தீனபந்து’ என்ற படத்துக்காக எழுதிக் கொடுத்தது அது. படத்தை இன்று பேசுவார் இல்லை. பாட்டு மட்டும் டங்குடூரி சூர்யகுமாரியின் குரலில் இசைத்தட்டாக ஊர் ஊராகப் போயிற்று. அந்த அம்மாள் பிரகாசம் பந்துலுவின் தம்பி மகள். 1942-ல் பதினேழு வயதுப் பெண். பிற்காலத்தில் லண்டனில் குடியேறி 2005-ல் அங்கேயே காலமானார். 1975-ல் ஹைதராபாதில் நடந்த முதல் உலகத் தெலுங்கு மாநாட்டில் அந்தப் பாட்டு பாடப்பட்டது. எழுதியவரோ கஷ்ட ஜீவனம் நடத்தி, 1977 ஏப்ரல் 8-ல் கண்ணை மூடினார். இப்போது திருப்பதியில் சிலை இருக்கிறது, அவர் பெயரில் ஒரு சர்க்கிளும் இருக்கிறது. நம் ஊர்களின் வழக்கமே அதுதானே.

இந்த இடத்தில் நம் தமிழ்த்தாய் வாழ்த்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் தனியாக எழுதப்பட்ட பாட்டல்ல, 1891-ல் வந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்துக்குக் கடவுள் வாழ்த்தாக எழுதப்பட்டது. அந்த நாடகத்தை இன்று எத்தனை பேர் முழுக்கப் படித்திருக்கிறோம்? நான் படித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். எழுதியவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. பிறந்தது ஆலப்புழை, வேலை பார்த்தது திருவனந்தபுரம். அதாவது நம்மைப் போல வெளியூர்த் தமிழர். அவரும் ஒரு சுந்தரம், இவரும் ஒரு சுந்தரம். நாடகத்துக்காக எழுதிய பாட்டு ஒரு தாய்க்கு, சினிமாவுக்காக எழுதிய பாட்டு இன்னொரு தாய்க்கு.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 1970-ல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை அரசு விழாக்களுக்கென்று எடுத்துக்கொண்டபோது மூலத்தில் சில அடிகளை விட்டுவிட்டது. தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்ற கருத்து வருகிற அடிகளும் அவற்றில் சேர்த்தி. கவிஞர் எழுதியதைத் தொடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. பக்கத்து வீட்டுக்காரியை ‘நீ என் மகள்’ என்று மைக் வைத்துச் சொன்னால், அவள் அதை உறவாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

சுந்தராச்சாரியின் பாட்டில் அப்படிப் பிறரைச் சீண்டுகிற பேச்சு எதுவும் இல்லை. கோதாவரி, கிருஷ்ணா, அமராவதிச் சிற்பம், ருத்ரம்மாவின் புஜபலம், திம்மரசுவின் புத்தி, திக்கனாவின் எழுதுகோல் என்று அடுக்கிக்கொண்டு போகிறார். தியாகையரின் குரலும் வருகிறது. அந்தக் குரல் எங்கே ஒலித்தது? நம் காவிரிக் கரையில், திருவையாற்றில். கிருஷ்ணதேவராயரின் கீர்த்தியும் வருகிறது. ராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யத’ யாருடைய கதை? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை. பாட்டை உரித்துப் பார்த்தால் பாதி வழி நம் ஊர் வழியாகத்தான் போகிறது. வெளிநாட்டிலும் இது உண்டு. ஃபின்லாந்து தேசிய கீதத்தின் மூலச் சொற்கள் ஃபின்னிஷ் அல்ல, ஸ்வீடிஷ். இசை அமைத்தவர் ஜெர்மனியில் பிறந்தவர். அங்கே யாரும் வாசப்படிக்கு வெளியில் வைத்துப் பாடுவதாகக் கேள்விப்படவில்லை.

பாட வேண்டும் என்று சொல்கிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மரியாதைக்காகப் பாடுவது என்பது வாடகை கொடுப்பது மாதிரி. அந்த நினைப்போடு பாடுவதானால் பாடவே வேண்டாம். ஒரு பாட்டு எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாது என்பதையும் மறக்கக் கூடாது. நைனாவை விடுங்கள், தெலுங்கே பேசுகிற தெலங்கானாக்காரர்களுக்கே ‘இந்தத் தாய் எங்களையும் சேர்த்தவளா?’ என்ற கேள்வி இருந்தது. 2014-ல் தனி மாநிலமானார்கள். அந்தெஸ்ரீ எழுதிய ‘ஜெய ஜெய ஹே தெலங்கானா’வை 2024 ஜூன் 2-ல் மாநிலப் பாடலாக்கிக் கொண்டார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது?

எங்கள் ஊர்ப் பக்கத்து உறவினர்கள் இன்றும் ஒரு குறை சொல்கிறார்கள். தமிழ் வாத்தியார் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு அடுத்தவர் வர வருஷக் கணக்காகிறது என்று. தமிழ் வீட்டுப் பிள்ளை எழுதிய பாட்டைக் காலையில் பாடிவிட்டு, தமிழ் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் அது நியாயமாகாது. இதைக் கேட்பதற்கு நமக்கு வாய் வேண்டும். பாட்டை நம் பாட்டாகப் பாடுகிறவனுக்குத்தான் அந்த வாய் இருக்கும் என்பது என் கட்சி. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவன் கேட்டால், ‘உனக்குத்தான் இந்த ஊரே பிடிக்கவில்லையே’ என்று பதில் வரும்.

விஜயவாடாவில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தினம் தெலுங்கு படிக்கிறார்கள். என் பேத்தி ஐந்தாவது. இந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்வாள். எழுதியவர் வீட்டில் தமிழ் பேசியவர் என்று போன வாரம்தான் அவளிடம் சொன்னேன். “அப்ப தாத்தா, அவங்க அப்பா அவரைத் திட்டலையா?” என்று கேட்டாள். திட்டித்தான் வீட்டைவிட்டே போனார், ஆனால் இதற்காக இல்லை என்றேன். “உங்க அப்பா?” என்றாள். காபி போடச் சொல்லி எழுந்துவிட்டேன்.

நைனா உயிரோடு இருந்தபோது எனக்கு இது தெரிந்திருந்தால் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன். அவர் ஒத்துக்கொண்டிருப்பார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். “நம்ம பையனா?” என்று ஒரு தடவை கேட்டிருப்பார், அது நிச்சயம்.

எனவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும், எழுதியவர் யார், எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்று மைக்கில் நாலு வாக்கியம் சொல்லட்டும். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. பிறகு பிள்ளைகள் பாடட்டும். எழுந்து நிற்க மனமில்லாத பெரியவர்கள் உட்கார்ந்திருக்கலாம், அவர்களை யாரும் முறைக்கக் கூடாது. விழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஒத்திகையை எங்கள் வீட்டு மாடியிலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம். ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். மேஜையைத் தட்டிய அன்பருக்குத் தாளம் நன்றாக வரும் என்று கேள்வி, அவரையும் அழைத்திருக்கிறேன்.