கம்ப்யூட்டர் வந்தால் மட்டும் போதுமா?



ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரை இறக்கிவிட்டால் அது தானாக மாறிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாறாது! மெஷின் வாங்குவது ஒரு பிரிவு, பயிற்சி கொடுப்பது இன்னொரு பிரிவு, பழைய லெட்ஜரை ஏற்றுவது யாரோ. இத்தனை பேரையும் ஒரே இடத்திலிருந்து கேள்வி கேட்க, தேதி குறிக்க ஒருவர் வேண்டாமா? அதற்குத்தான் திட்ட மேலாண்மை அலுவலகம். "இருக்கிற ஆபீஸ் பத்தாதுன்னு இன்னொண்ணா?" என்பீர்கள். ரயில்வேயைப் பாருங்கள்.

ஒரு காலத்தில் காரைக்குடியிலிருந்து டெல்லி போகிறவர், திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1985-இல் புதுடெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. பிறகு சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத். எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர்தான், ஆனால் ஒவ்வொன்றும் தனித் தீவு!

1986-இல் ரயில்வே அமைச்சகம் கம்ப்யூட்டர் வேலைகளுக்கென்றே 'கிரிஸ்' என்ற தனி அமைப்பை ஏற்படுத்தியது. (அது வெறும் மேற்பார்வை அலுவலகம் அல்ல, மென்பொருளும் எழுதியது. இருந்தாலும் பொறுப்பு ஒரே இடத்துக்கு வந்ததுதான் விஷயம்.) அதன் 'கன்செர்ட்' மென்பொருளை எல்லா ஊரிலும் ஒரே நாளில் கொட்டவில்லை. 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து மையங்களும் இணைந்தது 1999-இல். 2002-இல் இணையத்தில் டிக்கெட் எடுக்க முடிந்ததென்றால், அடித்தளம் அதற்கு முன்பே போட்டாகிவிட்டது.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார் கடைகளில் மூன்று வருஷத்துக்கொருமுறை ஏஜெண்ட் மாறுவார். ஆள் மாறினாலும் கணக்கு எழுதும் முறை மாறாது, ஊரிலிருக்கும் முதலாளிக்குக் கணக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். வாரம் ஒரு மீட்டிங், டீ, மினிட்ஸ் என்று நடக்கிற அலுவலகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கோட்டாவும் சலுகையும் கேன்சலேஷனும் அத்துப்படியான கவுண்டர் கிளார்க் அந்த அறையில் உட்கார வேண்டும். அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு புரோகிராம் எழுதுகிறவருக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த நாற்காலிக்கு டிப்ளமோ படித்த நாம் ஏன் ஆசைப்படக் கூடாது? கோட் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அட்டவணை போடத்தான் ஆளில்லை.

ஹாஸ்டல் மெஸ் கணக்கிலேயே பழகலாமே! யூனியன் நாலு பேரை நியமிக்கட்டும். சமையல் மாஸ்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய நோட்டை எந்தத் தேதியோடு மூடுவது என்று முதலில் முடிவு பண்ணட்டும்.