கடல் கடக்கும் மணமகளுக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெண்ணை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கொடுப்பது இன்று அரிய செய்தியன்று. நகை, புடவை, ஊறுகாய் ஆகியவற்றுக்கெல்லாம் பட்டியல் எழுதும் நாம், அப்பெண் அங்கே நோயுற்றால் செலவை யார் தாங்குவர் என்பதை மட்டும் எழுத மறந்துவிடுகிறோம். சென்ற திங்கள் அன்பர் ஒருவர் நம்மிடம், "மகள் கணவனோடு வாழ அமெரிக்கா செல்கிறாள், இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துப் பயணக் காப்பீடு வாங்கிவிடலாமா?" என்று வினவினார். அவருக்குக் கூறிய விடையையே இங்கு எழுதுகிறோம்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு எளிதில் தோன்றும் உவமை ஒன்று உண்டு. 2016 முதல் இணையவழிப் பயணச்சீட்டு வாங்குவோருக்கு, ஒரு ரூபாய்க்கும் குறைந்த கட்டணத்தில் பயணக் காப்பீடு கிடைத்து வருகிறது. அது வண்டி ஏறுவது முதல் சேருமிடத்தில் இறங்குவது வரையில்தான் செல்லும். ஊர் சேர்ந்து, வீடு பிடித்து, அடுப்பு மூட்டியவர் தம்மை இன்னும் பயணி என்று சொல்லிக்கொள்ள முடியுமோ?

வெளிநாட்டுப் பயணக் காப்பீடும் அத்தகையதே. போய்த் திரும்புவோரை எண்ணி அமைந்தது அது. பெரும்பாலும் ஒரு பயணத்துக்கு 180 நாள் வரை தருவர். சிலர் நீட்டித்தும் கொடுப்பர். திடீர் நோய்க்கும் விபத்துக்கும் அது உதவும். பழைய நோய்க்கும் மகப்பேற்றுக்கும் பொதுவாக உதவாது. மணமாகிச் செல்லும் பெண்ணுக்கு மகப்பேறன்றோ முதலில் நினைக்க வேண்டியது!

இதனை நாம் பட்டறிந்தே எழுதுகிறோம். 2023 மே மாதம் நம் தங்கை, கணவரைச் சார்ந்தோர்க்குரிய எச்-4 விசாவில் அமெரிக்கா சென்றாள். ஆறு மாதக் காப்பீட்டை நாமே வாங்கிக் கொடுத்து, "இனிக் கவலையில்லை" என்று மாப்பிள்ளையிடம் கூறினோம். அவரும் அதனை நம்பித் தம் அலுவலகக் காப்பீட்டில் அவள் பெயரைச் சேர்க்காதிருந்துவிட்டார். செப்டம்பரில் அவள் கருவுற்ற செய்தி வந்தது. அன்றிரவு பத்திரத்தை எடுத்துப் படித்தோம். மகப்பேறு விலக்கப்பட்டது என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அலுவலகத்திலோ, குறித்த நாள் கடந்துவிட்டதால் புத்தாண்டு முதல்தான் சேர இயலும் என்றனர்.

ஒரு நாள் தங்கை தொலைபேசியில், "அண்ணா, டாக்டர் ஒரு சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜனவரிக்குத் தள்ளிப்போடலாமா என்று பார்க்கிறோம்" என்றாள். அருகில் நின்ற அம்மாவின் முகத்தை நாம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "தள்ளிப்போடாதே அம்மா" என்று மட்டும் சொல்லி, ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுப் பணம் அனுப்பினோம். 2024 மே மாதம் குழந்தை நலமாகப் பிறந்தது. கடன் இன்னும் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. இதில் பிறரைக் குறை கூற இடமில்லை. நாள்தோறும் பயணிகளுக்கு விதிகளை எடுத்துரைக்கும் நாம், தங்கையின் பத்திரத்தைப் படிக்கவில்லை, குற்றம் நம்முடையதே.

ஆகவே அன்பர்கள் அறிய வேண்டுவது இது: குடியிருக்கச் செல்பவருக்கு அந்நாட்டுக் காப்பே காப்பு. அமெரிக்காவில் அலுவலகக் காப்பீடு உள்ளவர் மணம் புரிந்தாலும் குழந்தை பெற்றாலும், குடும்பத்தாரைச் சேர்க்கக் குறைந்தது 30 நாள் தவணை சட்டப்படி உண்டு. மனைவி புதிதாக வந்து சேர்வதையும் பல அலுவலகங்கள் அவ்வாறே ஏற்கின்றன. தவறினால் ஆண்டுக்கொருமுறை வரும் சேர்க்கைக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். முறையான அலுவலகக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால், 2014 முதல் பழைய நோயையோ கருவுற்றிருப்பதையோ காட்டி உதவியை மறுக்க இயலாது.

பிற நாடுகளில் வழி வேறு. பிரிட்டனில் விசா மனுவோடு ஆண்டுக்கு 1,035 பவுன் வீதம் மருத்துவக் கட்டணம் செலுத்தினால் அரசு மருத்துவ சேவை கிட்டும்; இத்தொகை 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டதாகும். ஜெர்மனியில் கணவர் பொதுக் காப்பீட்டில் இருப்பின், வருவாயில்லாத மனைவி தனிக்கட்டணமின்றிச் சேரலாம். துபாயில் மனைவியை அழைத்துக்கொள்ளும் கணவரே அவளுக்குக் காப்பீடு எடுக்கக் கடமைப்பட்டவர். மனைவியின் வேலையை ஒட்டிச் செல்லும் கணவர்க்கும் இவையெல்லாம் பொருந்தும்.

அங்ஙனமாயின் பயணக் காப்பீடு வேண்டாவோ? வேண்டும். இறங்கிய நாளுக்கும் அந்நாட்டுக் காப்பு தொடங்கும் நாளுக்கும் இடையே பாலமாக ஓரிரு மாதத்துக்கு அதனைப் புறப்படும் முன்னரே வாங்குக. விமானச் சீட்டு எடுக்கும் நாளிலேயே மாப்பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் காப்பில் பெண்ணைச் சேர்ப்பீர்கள்? எந்த நாளுக்குள் சேர்க்க வேண்டும்? மகப்பேறு அதில் அடங்குமா? கேட்கக் கூச்சமாக இருக்கும்; ஆயினும் கேளுங்கள். நாம் கேட்கவில்லை.